ஐந்து படிகளும் நான்கு ஆண்டுகளும்

கலிபோர்னியாவிலோ நியூ ஜெர்சியிலோ குடியேறி வாழும் நம்மவர் இரண்டு பேர் சந்தித்தால், க்ஷேமலாபங்களை விசாரித்து, ஊர்ச் செய்திகளைப் பரிமாறிக்கொண்டு, விலைவாசியையும் விசாவையும் பற்றிக் குறைப்பட்டுக்கொண்ட பிறகு, வீட்டிலே பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை இருக்குமானால், பேச்சு பெரும்பாலும் வந்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு: "பையனுக்கு எட்டாவதில் ஆல்ஜீப்ரா கிடைத்துவிட்டதா?" தமிழ்நாட்டில் படித்துத் தேறிய ஒருவருக்கு இந்தக் கேள்வி விசித்திரமாகவே தோன்றும். நம்முடைய ஆறாம் வகுப்புப் பாடப் புத்தகத்திலேயே இயற்கணிதம் ஓர் அத்தியாயமாக வந்து சேர்ந்துவிடுகிறது. அதை யாரும் யாருக்கும் வழங்குவதுமில்லை, மறுப்பதுமில்லை. எண்கணிதத்துக்குப் பின்னும் வடிவியலுக்கு முன்னுமாக அது ஆண்டுதோறும் வந்துபோகும் ஒரு பகுதி. அப்படியிருக்க, அங்கே மட்டும் ஒரு பாடம் ஏதோ சர்க்கார் உத்தியோகத்தைப் போலக் 'கிடைப்பதும்' 'கிடைக்காமற் போவதும்' எதனால் என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், அமெரிக்க ஹைஸ்கூலில் கணிதம் பகுக்கப்பட்டிருக்கும் முறையையும், அந்தப் பகுப்பு உண்டான வரலாற்றையும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அந்நாட்டில் ஹைஸ்கூல் என்பது ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான நான்கு ஆண்டுகள். கல்வி அங்கே மாகாணங்களின் பொறுப்பு; மாகாணங்களோ அதில் பெரும்பகுதியை, எண்ணிக்கையில் பதின்மூவாயிரம் அளவுக்கு இருக்கும் உள்ளூர்ப் பள்ளி மாவட்டங்களிடம் விட்டிருக்கின்றன. தேசம் முழுமைக்கும் பொதுவான பாடத்திட்டம் என்று சட்டத்தில் எதுவும் இல்லை. இருந்தும், மெயின் மாகாணத்திலுள்ள மீனவர் கிராமத்துப் பள்ளியிலும் அரிஸோனாவின் பாலைவனப் பட்டணத்துப் பள்ளியிலும் பெரும்பாலும் ஒரே வரிசையைத்தான் காண்கிறோம்: முதல் ஆண்டு ஆல்ஜீப்ரா ஒன்று, மறு ஆண்டு ஜியாமெட்ரி, அதற்கடுத்த ஆண்டு ஆல்ஜீப்ரா இரண்டு, பிறகு பிரீகால்குலஸ், அதன் பின் கால்குலஸ். ஒவ்வொன்றும் ஒரு முழு ஆண்டுப் பாடம். ஒன்றில் தேறினால்தான் அடுத்ததன் கதவு திறக்கும். ஒரே வயதுள்ள முப்பது பேர் ஒரே கணித வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள் என்ற நிச்சயம் அங்கே இல்லை. பத்தாம் வகுப்பு மாணாக்கர்களில் ஒருவன் ஜியாமெட்ரி அறைக்கும், அவன் தோழி ஆல்ஜீப்ரா இரண்டு அறைக்கும், மற்றொருவன் சென்ற ஆண்டு தவறவிட்ட ஆல்ஜீப்ரா ஒன்றுக்கே மீண்டும் செல்வது சர்வசாதாரணம்.

இந்தப் படிகள் ஒவ்வொன்றிலும் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதை ஒரே கணக்கை வைத்துக்கொண்டு பார்க்கலாம். ஒருவரிடம் 40 மீட்டர் நீளமுள்ள வேலிக்கம்பி இருக்கிறது. நீண்ட சுவர் ஒன்றை ஒரு பக்கமாக வைத்து, மற்ற மூன்று பக்கங்களுக்கும் கம்பியைக் கட்டிச் செவ்வகமான தோட்டம் ஒன்று அமைக்க விரும்புகிறார். சுவரிலிருந்து வெளியே நீளும் பக்கத்தை 'அ' என்று கொண்டால், அத்தகைய பக்கங்கள் இரண்டு இருப்பதால், சுவருக்கு இணையான பக்கத்துக்கு மிஞ்சுவது 40 − 2அ. தோட்டம் 150 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னால், அ × (40 − 2அ) = 150 என்ற சமன்பாடு பிறக்கிறது; அதைத் தீர்த்தால் 'அ' என்பது 5 மீட்டராகவும் இருக்கலாம், 15 மீட்டராகவும் இருக்கலாம் என்று இரண்டு விடைகள் கிடைக்கின்றன. தெரியாத ஒன்றுக்குப் பெயரிட்டு, அதைத் தெரிந்ததைப் போலவே நடத்தி, கடைசியில் அதன் வாயாலேயே உண்மையைச் சொல்லவைக்கும் இந்த வித்தைதான் ஆல்ஜீப்ரா ஒன்று. நேர்கோட்டுச் சமன்பாடுகள், அவற்றின் வரைபடங்கள், இருபடிச் சமன்பாட்டின் ஆரம்பம் என்பவையே அதன் எல்லை. பார்வைக்கு எளியது, ஆனால் எண்ணை விட்டு எழுத்துக்குத் தாவும் இந்த இடத்தில்தான் அதிகமான பிள்ளைகள் இடறி விழுகிறார்கள் என்பதைக் கணித உபாத்தியாயர் எவரைக் கேட்டாலும் சொல்லுவார்.

அடுத்த ஆண்டு, இயற்கணிதத்தை அப்படியே மடித்துவைத்துவிட்டு, ஜியாமெட்ரி அறைக்குள் நுழைய வேண்டும். இந்த ஒன்று மட்டும் மற்ற நான்கோடும் ஜாதியில் வேறுபட்டது. மற்றவை யாவும் கணக்கிடும் கலையின் மேன்மேலான வடிவங்கள். இதுவோ நிரூபிக்கும் கலை. இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம் என்பது கண்ணால் பார்த்தாலே தெரிகிறதே, அதை எதற்கு நிரூபிக்க வேண்டும் என்று கேட்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, கண்ணுக்குத் தெரிவது வேறு, காரணத்தோடு தெளிவது வேறு என்ற பேதத்தை உணர்த்துவதற்காகவே அந்த ஆண்டு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆபிரகாம் லிங்கன், காங்கிரஸ் உறுப்பினராகி வந்த பிறகும், யூக்லிடின் ஆறு புத்தகங்களை எடுத்துவைத்துக்கொண்டு ஏறக்குறைய முழுவதையும் கற்றுத் தேர்ந்ததாக, ஜனாதிபதித் தேர்தலுக்காக 1860-இல் எழுதிய தன் வரலாற்றுக் குறிப்பில் தாமே பதிவு செய்திருக்கிறார். வழக்கறிஞர் ஒருவர், பள்ளிப் படிப்பே ஓர் ஆண்டுக்கு மேல் வாய்க்காதவர், நடுவயதில் யூக்லிடைத் தேடிப் போனார் என்பதிலிருந்தே அந்தச் சாஸ்திரத்தின் பிரயோஜனம் இன்னதென்று ஊகித்துக்கொள்ளலாம்.

இன்றைய ஜியாமெட்ரி வகுப்பில் அந்தப் பிரயோஜனம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது வேறு விஷயம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பாடப் புத்தகங்களில் புகுந்த ஒரு வழக்கம், இடப்பக்கத்தில் கூற்று, வலப்பக்கத்தில் காரணம் என்று தாளை இரண்டாகப் பிளந்து நிரூபணத்தை எழுதவைப்பது. திருத்துகிறவருக்கு அதைக் காட்டிலும் வசதியான ஏற்பாடு கிடையாது. சிந்திக்கிறவனுக்கோ அது பெரிய இடைஞ்சல். ஏனென்றால், உண்மையான நிரூபணம் எதுவும் மேலிருந்து கீழாக ஒரே சீராக உதிப்பதில்லை. முடிவிலிருந்து பின்னோக்கியும், நடுவிலிருந்து இருபுறமும், சில சமயம் தேவையில்லாத கோடு ஒன்றை இழுத்துப் பார்த்துவிட்டு அழித்தும்தான் அது உருவாகிறது. அந்தத் தடுமாற்றத்துக்கு இடம் கொடாமல், வலப்பக்கத்துக் காரணங்களை நெட்டுருப் போட்டு நிரப்புவதாகப் போய்விட்டால், லிங்கன் தேடிப் போனது பிள்ளைக்குக் கிடைக்காது. இதில் மற்றொரு கஷ்டமும் உண்டு. ஓராண்டுக் காலம் இயற்கணிதத்தைத் தொடாமல் இருந்துவிட்டு, அடுத்த ஆண்டு அதன் இரண்டாம் பாகத்தைத் திறக்கும் மாணாக்கன் முதற் பாகத்தில் பாதியை மறந்திருப்பான்; ஆகவே ஆல்ஜீப்ரா இரண்டின் முதல் சில வாரங்கள் பழைய பாடத்தைத் திரும்பச் சொல்வதிலேயே கழிந்துவிடும்.

ஆல்ஜீப்ரா இரண்டோ, சுமக்க மாட்டாத பாரத்தைச் சுமக்கும் பாடம். நம்முடைய வேலிக்காரர் ஆசை மிகுந்து 250 சதுர மீட்டர் வேண்டும் என்று கேட்டால், முதற் பாகத்தின் மாணாக்கன் 'விடை இல்லை' என்று கையை விரிப்பான். இரண்டாம் பாகத்தின் மாணாக்கனோ, கழித்தல் எண்ணுக்கும் வர்க்கமூலம் கற்பித்துக்கொண்டு, கலப்பெண்களாக இரண்டு விடைகளை எழுதித் தருவான். விடை இருக்கும், வேலி மட்டும் இராது! அதோடு, 40அ − 2அ² என்பதை 200 − 2(அ − 10)² என்று மாற்றி எழுதி, கழிபடும் பகுதி பூச்சியமாகும்போது, அதாவது 'அ' 10 மீட்டராக இருக்கும்போது, தோட்டம் 200 சதுர மீட்டர் என்ற உச்சத்தை எட்டும் என்பதையும் அவன் கண்டுகொள்வான். இதுவரையில் ரஸமான விஷயந்தான். ஆனால் இதே ஆண்டில் பல்லுறுப்புக் கோவைகள், அடுக்குகள், மடக்கைகள், தொடர்கள், திரிகோணமிதியின் முன்னுரை, போதாக்குறைக்குக் கொஞ்சம் நிகழ்தகவும் புள்ளியியலும் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதால், எதன் அருமையையும் நின்று பார்க்க நேரமில்லாமல் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

பிரீகால்குலஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திரிகோணமிதி முழுமையும், சார்புகளின் குணாதிசயங்களும், எல்லை என்ற கருத்தின் சாயலும் அதில் உண்டு. பெயரே சொல்லுகிறபடி, அது மற்றொன்றுக்காகக் காத்திருக்கும் பாடம். அந்த மற்றொன்று, கால்குலஸ் என்னும் நுண்கணிதம். பக்கத்துக்கு 12 அங்குலமான சதுர அட்டையின் நான்கு மூலைகளிலும் சிறு சதுரங்களை வெட்டியெடுத்து, ஓரங்களை மடித்துத் திறந்த பெட்டியாக்கினால், எவ்வளவு வெட்டும்போது பெட்டி மிகப் பெரிதாகும் என்று கேட்டால், மேலே வேலிக்குப் பயன்பட்ட யுக்தி இங்கே பலிக்காது. சமன்பாடு முப்படிக்குப் போய்விடுகிறது. மாறும் அளவு ஒன்று எந்தக் கணத்தில் எவ்வளவு வேகத்தில் மாறுகிறது என்று அளக்கும் வகையீட்டுக் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டால், 2 அங்குலம் வெட்ட வேண்டும், பெட்டி 128 கன அங்குலம் கொள்ளும் என்பது இரண்டே வரியில் வந்து விழுகிறது. நியூட்டனும் லைப்னிட்ஸும் பதினேழாம் நூற்றாண்டில் கண்டெடுத்த இந்தக் கருவியில்லாமல் பொறியியல் இல்லை, பௌதிகம் இல்லை. ஆகையால்தான் ஏணியின் உச்சியில் அதை வைத்திருக்கிறார்கள்.

இந்த வரிசை கணிதத்தின் சுபாவத்திலிருந்தே பிறந்தது என்று அமெரிக்கப் பெற்றோர் பலர் நம்புகிறார்கள். வாஸ்தவத்தில் இது கலாசாலைகளின் நுழைவு விதிகள் காலத்துக்குக் காலம் விட்டுச்சென்ற படிவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்கணிதமும் வடிவியலும் கலாசாலை மாணவர்கள் படிக்கும் பாடங்கள். பள்ளிக்கூடத்துக்கு எண்கணிதமே போதும் என்றிருந்தது. 1820-இல் ஹார்வர்டு கலாசாலை, தன்னிடம் சேர விரும்புகிறவர் இயற்கணிதம் அறிந்திருக்க வேண்டும் என்று விதித்தது. மற்றக் கலாசாலைகளும் ஒவ்வொன்றாக அதைப் பின்பற்றின. வடிவியலை அவ்வாறு பரவலாகக் கேட்கத் தொடங்கியது பல பத்தாண்டுகள் கழித்து. உயர் இயற்கணிதத்தைக் கேட்டது அதற்கும் பிறகு. கலாசாலை ஒரு பாடத்தைக் கீழே தள்ளியபோதெல்லாம், பள்ளிக்கூடம் அதை ஏற்று, ஏற்கெனவே இருந்ததன் பின்னால் ஓராண்டாக நிறுத்திக்கொண்டது. இயற்கணிதத்தின் இரு பாகங்களுக்கும் நடுவில் வடிவியல் மாட்டிக்கொண்டதற்குத் தத்துவார்த்தமான காரணம் தேடுகிறவர்கள், இந்தத் தேதிகளைப் பார்த்துச் சமாதானம் அடையலாம்.

இது சரியில்லை என்பதை அன்றைக்கே உணர்ந்தவர்கள் உண்டு. ஹார்வர்டின் தலைவரான சார்லஸ் எலியட்டின் தலைமையில் 1892-இல் அமைந்த பதின்மர் குழு, ஹைஸ்கூல் பாடங்களைச் சீர்படுத்த முயன்றபோது, வானியல் அறிஞர் சைமன் நியூகோம்பின் தலைமையில் இயங்கிய அதன் கணித உபகுழு, இயற்கணிதத்தில் ஓராண்டு கழிந்த பின் வடிவியலைத் தொடங்கி, அதற்கடுத்த இரண்டாண்டுகளும் இரண்டையும் பக்கம்பக்கமாக நடத்த வேண்டும் என்று சிபார்சு செய்தது. 1902-இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் தலைவராக இருந்து ஓய்வு பெறும் வேளையில் நிகழ்த்திய உரையில், சிகாகோ சர்வகலாசாலையின் ஈ. எச். மூர், இயற்கணிதம், வடிவியல், பௌதிகம் ஆகியவற்றுக்கு நடுவில் எழுப்பப்பட்டிருக்கும் சுவர்களையே இடித்துவிட வேண்டும் என்று வாதாடினார். இரண்டும் மரியாதையோடு கேட்கப்பட்டன. பள்ளிகளின் கால அட்டவணை மட்டும் மாறவில்லை. ஓராண்டுக்கு ஒரு பாடம், ஒரு பாடத்துக்கு ஒரு புத்தகம், ஒரு புத்தகத்துக்கு ஒரு மதிப்பெண் என்ற ஏற்பாட்டில் இருக்கும் நிர்வாக சௌகரியத்தைப் பெரிய கணித மேதைகளாலும் வெல்ல முடியவில்லை.

இதற்கிடையில் பள்ளிக்கூடமே வேறாகிப்போனது. 1890-இல், ஹைஸ்கூல் வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழு பேர்கூட அங்கே படிக்கவில்லை. 1940-க்குள் அது எழுபதைத் தாண்டிவிட்டது. கூட்டம் பெருகப் பெருக, எல்லாருக்கும் இயற்கணிதம் எதற்கு, கடைக்கணக்கும் வீட்டுக்கணக்கும் போதாதா என்ற அபிப்பிராயம் கல்வியாளர்களிடையே வலுத்தது. 1910-இல் ஹைஸ்கூல் மாணாக்கரில் 56.9 சதவீதம் பேர் இயற்கணித வகுப்பில் இருந்தார்கள், 1955-இல் 24.8 சதவீதம். வடிவியலில் 30.9 என்பது 11.4-ஆகக் குறைந்தது. 1957 அக்டோபரில் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை வானில் ஏற்றியபோதுதான் அந்தத் தேசம் திடுக்கிட்டு விழித்துக்கொண்டது. மறு ஆண்டே தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. பேராசிரியர் எட்வர்டு பெகிளின் தலைமையில் பள்ளிக் கணிதத்துக்கான குழு கூடியது. கணங்களும் எண்ணடிமானங்களும் குழந்தைகளின் புத்தகங்களில் குடியேறின. அந்தப் 'புதிய கணிதம்' பெற்றோரையும் உபாத்தியாயரையும் ஒருங்கே குழப்பிவிட்டு மறைந்த கதை தனிக் கட்டுரைக்கு உரியது. நிலைத்து நின்றது அதற்குச் சற்று முன்னே அமைதியாகத் தொடங்கிய வேறொன்று: 1955–56-இல் காலேஜ் போர்டு நிறுவனம் நடத்த ஆரம்பித்த 'அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட்' திட்டம். ஏ.பி. என்று சுருக்கிச் சொல்லப்படும் இதில், பள்ளியிலேயே கால்குலஸ் படித்து, மே மாதத்தில் பொதுப் பரீட்சை எழுதி, ஐந்துக்கு மூன்றோ அதற்கு மேலோ வாங்கினால், பல கலாசாலைகள் அதைத் தங்கள் பாடமாகவே ஏற்றுக்கொள்ளும். அசாதாரணமான சிலருக்கென்று ஏற்பட்ட அந்தப் பாடம், நாளடைவில், பெயர்பெற்ற கலாசாலைகளில் இடம் தேடும் பிள்ளைகள் அனைவரும் விண்ணப்பத்தில் காட்ட வேண்டிய அடையாளமாகிவிட்டது.

இங்கேதான் சிக்கல் முற்றுகிறது. கால்குலஸையும் சேர்த்தால் படிகள் ஐந்து. ஹைஸ்கூல் ஆண்டுகள் நான்கு. ஒன்பதாம் வகுப்பில் ஆல்ஜீப்ரா ஒன்றைத் தொடங்குகிறவன் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் தேறினாலும், பன்னிரண்டாம் வகுப்பில் பிரீகால்குலஸோடு நின்றுவிடுவான். கால்குலஸை எட்ட வேண்டுமானால் ஆல்ஜீப்ரா ஒன்று எட்டாம் வகுப்பிலேயே முடிந்திருக்க வேண்டும். இல்லையேல் ஒரே ஆண்டில் இரண்டு கணிதப் பாடங்கள் எடுக்க வேண்டும், அல்லது கோடை விடுமுறையில் ஒன்றை விழுங்க வேண்டும். எட்டாவதில் ஆல்ஜீப்ரா படிக்க ஏழாம் வகுப்பில் விரைவு வகுப்பில் இருக்க வேண்டும். அதற்கான தேர்வோ பல ஊர்களில் ஐந்தாம் வகுப்பிலோ ஆறாம் வகுப்பிலோ நடந்துவிடுகிறது. பதினோரு வயதுக் குழந்தை ஒரு பிற்பகலில் எழுதிய பரீட்சைக்கும், பதினெட்டு வயதில் அவன் பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பிப்பதற்கும் இடையே இப்படி ஒரு கயிறு கட்டப்பட்டிருக்கிறது. கயிறு இருப்பதே அநேகக் குடும்பங்களுக்குத் தெரியாது. தெரிந்த குடும்பங்கள் மாலை வகுப்புக்குப் பணம் கட்டிப் பிள்ளையைத் தயார் செய்கின்றன. நம்மவர் கேட்கும் அந்தக் கேள்வியின் மூலம் இதுதான்.

தெரியாத குடும்பங்கள் எவை என்பதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ராபர்ட் மோஸஸ் முக்கியமானவர். 1960-களின் தொடக்கத்தில் மிஸிஸிப்பி மாகாணத்தில், உயிருக்கு வந்த ஆபத்தையும் பொருட்படுத்தாமல், கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்ப்பதற்குப் பாடுபட்ட வீரர் அவர். தான்ஸானியாவில் சில ஆண்டுகள் கணித உபாத்தியாயராகவும் இருந்தவர். பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜில் அவர் குடியிருந்தபோது, எட்டாம் வகுப்பில் இருந்த தம் மகளின் பள்ளியில் ஆல்ஜீப்ரா கிடையாது என்று அறிந்து, 1982-இல் தாமே சென்று அவளுக்கும் உடன் படித்த சிலருக்கும் அதைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அந்த வேலையே ஆல்ஜீப்ரா பிராஜெக்ட் என்ற இயக்கமாக வளர்ந்தது. பிள்ளைகளைப் பாஸ்டன் சுரங்க ரயிலில் அழைத்துச் சென்று, ஒரு நிலையத்தைப் பூச்சியமாக வைத்து, எந்தத் திசையில் எத்தனை நிலையம் என்ற கேள்வியிலிருந்தே கூட்டல் எண்ணையும் கழித்தல் எண்ணையும் அவர்களாகக் கண்டுபிடிக்கச் செய்வார். அந்தக் காலத்தில் வாக்குரிமை எதுவோ, இந்தக் காலத்தில் இயற்கணிதம் அது. அதை மறுப்பது பிரஜா உரிமையை மறுப்பதே என்பது 2021-இல் காலமாகும் வரையில் அவருடைய சித்தாந்தம்.

சித்தாந்தம் நியாயமானது, அதை நிறைவேற்றப் புகுந்த நிர்வாகங்கள்தாம் இரண்டு எதிர்த் திசைகளில் அவசரப்பட்டன. சிகாகோ நகரம் 1997-இல், கீழ்நிலைக் கணித வகுப்புகளை ஒழித்து, ஒன்பதாம் வகுப்பில் எல்லாரும் ஆல்ஜீப்ரா படிக்க வேண்டும் என்று விதித்தது. படித்தவர் தொகை உயர்ந்தது, தோற்றவர் தொகையும் உயர்ந்தது, பரீட்சை மதிப்பெண்கள் மட்டும் அசையவில்லை. அடித்தளம் பலவீனமானவர்களுக்கு அதே பாடத்தை நாளுக்கு இரண்டு பீரியட் வைத்து நடத்தும் ஏற்பாட்டை 2003-இல் கொண்டுவந்த பிறகே நற்பலன் தெரிந்தது. அவ்வாறு படித்தவர்களில் ஹைஸ்கூலை முடித்துக் கலாசாலைக்குச் சென்றவர்கள் மிகுந்தார்கள் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். ஸான் பிரான்ஸிஸ்கோவோ 2014-இல், சிலருக்கு மட்டும் எட்டாவதில் ஆல்ஜீப்ரா என்பது அநீதி என்று கருதி, ஒருவருக்குமே அது வேண்டாம் என்று எடுத்துவிட்டது. வசதியுள்ளவர்கள் தனிப் பாடத்துக்குப் பணம் கட்டி முந்திக்கொண்டார்கள். வசதியற்றவர்கள் சமத்துவத்தோடு பின்தங்கினார்கள். 2024 மார்ச்சில் அந்நகரத்து வாக்காளர்கள், எட்டாம் வகுப்பு ஆல்ஜீப்ராவைத் திரும்பக் கொண்டுவரும்படி கோரும் தீர்மானத்தைப் பெரும்பான்மையோடு நிறைவேற்றினார்கள். ஒரு கணிதப் பாடம் பள்ளியில் இருக்க வேண்டுமா என்பதற்கு நகரத்து மக்கள் சாவடிக்குச் சென்று ஓட்டுப் போட்ட விசேஷத்தை வேறெந்தத் தேசத்தில் காண முடியும்?

படிகளை ஒழிக்காமலும் யாரையும் விலக்காமலும் ஏற்றிவிட முடியும் என்பதைக் காட்டியவர் ஹைமே எஸ்கலான்டே. பொலிவியாவின் லா பாஸ் நகரத்தில் 1930-இல் பிறந்து, அங்கே உபாத்தியாயராக இருந்து, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். 1974 முதல், லாஸ் ஏஞ்சல்ஸின் கிழக்குப் பகுதியில் மெக்ஸிகோ வம்சாவளி ஏழைப் பிள்ளைகள் படிக்கும் கார்பீல்டு ஹைஸ்கூலில் கணிதம் போதித்தவர். 1982-இல் அவருடைய மாணாக்கர் 18 பேர் ஏ.பி. கால்குலஸ் எழுதித் தேறினார்கள். அவர்களில் 14 பேரின் விடைத்தாள்களில் ஒற்றுமை இருப்பதாகப் பரீட்சை நடத்தியவர்கள் சந்தேகிக்க, 12 பேர் மறுபடி எழுதினார்கள். பன்னிருவரும் மறுபடி தேறினார்கள். இதை வைத்து 1988-இல் வெளிவந்த ஹாலிவுட் படத்தைப் பார்த்தவர்கள், சாதாரணக் கணக்கே தெரியாத பிள்ளைகளை ஓர் ஆசிரியர் தம் ஆவேசத்தால் ஒன்றிரண்டு ஆண்டுகளில் கால்குலஸுக்குத் தூக்கிவிட்டார் என்று எண்ணிக்கொள்வார்கள். நடந்தது அதைவிடப் பெரிய காரியம். கார்பீல்டுக்குப் பிள்ளைகளை அனுப்பும் நடுநிலைப் பள்ளிகளிலேயே பாடத்தை முன்கூட்டித் தொடங்கவைத்தும், கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் கல்லூரியில் கோடை வகுப்புகள் நடத்தி நடுப் படிகளைக் கடக்கவைத்தும், சக ஆசிரியர்களைச் சேர்த்துக்கொண்டும், தலைமையாசிரியரின் ஆதரவோடு பல ஆண்டுகள் உழைத்து அவர் கட்டியது ஒரு முழுப் படிக்கட்டு. சினிமாவுக்கு அது ஏற்ற விஷயமாகாது.

ஆல்ஜீப்ரா இரண்டு எல்லாருக்கும் அவசியந்தானா என்பது இன்னொரு வழக்கு. அதற்கு மேலும் ஒரு கணிதப் பாடம் முடித்த மாணவர்கள் பட்டம் பெறும் வாய்ப்பு இரட்டிப்புக்கு மேலாக உயர்கிறது என்று கல்வி இலாகாவின் ஆராய்ச்சியாளர் கிளிபோர்டு அடெல்மன் 1999-இல் எடுத்துக்காட்டியதும், பல மாகாணங்கள் ஆல்ஜீப்ரா இரண்டைக் கட்டாயமாக்கின. அந்தப் பாடத்தால் பட்டம் கிடைத்ததா, பட்டம் பெறக்கூடியவர்களே அந்தப் பாடத்தை எடுத்தார்களா என்ற கேள்வியை யாரும் பொறுமையாகக் கேட்டதாகத் தெரியவில்லை. 2013-இல் டெக்ஸஸ் கட்டாயத்தை நீக்கியது. கலிபோர்னியாவின் சர்வகலாசாலைகள் 2020-இல், அதற்குப் பதிலாகத் தரவு அறிவியல் படித்தாலும் போதும் என்று கதவைத் திறந்தன. அந்த வழியாக வந்தவர்கள் பின்னால் விஞ்ஞானமோ பொறியியலோ படிக்க முடியாமல் தவிப்பார்கள் என்று பேராசிரியர்கள் பலர் எச்சரிக்க, 2023-இல் மூடிவிட்டன. பேராசிரியர்களின் பக்கமே நியாயம் என்பது என் அபிப்பிராயம். பாரம் மிகுந்த பாடத்தை இளைக்கச் செய்யலாம். எளிய பாதை என்று பெயர் சொல்லி, போய்ச் சேராத பாதையில் ஏழை வீட்டுப் பிள்ளையை அனுப்பிவிடலாகாது.

மூர் கேட்டபடி சுவர்களை இடித்துப் பார்த்த மாகாணங்களும் உண்டு. நியூயார்க் ஒரு காலத்தில் இயற்கணிதத்தின் இரு பாகங்களையும் வடிவியலையும் கலந்து மூன்றாண்டுப் பாடமாக நடத்திவிட்டு, பிறகு பழைய பெயர்களுக்கே திரும்பியது. ஜார்ஜியா 2008-இல் தொடங்கிய கலப்பு முறையைப் பெற்றோர் எதிர்த்ததால், சில ஆண்டுகளில் பழைய வரிசைக்கும் இடம் கொடுக்க நேர்ந்தது. யூட்டாவும் வட கரோலினாவும் 'மேத் ஒன்று, இரண்டு, மூன்று' என்ற கலப்புப் பாடங்களை நிலைநிறுத்திக்கொண்டிருக்கின்றன. உலகத்தின் பிற தேசங்கள் பெரும்பாலும், நம்முடைய தேசம் உட்பட, இந்தக் கலப்பு முறையைத்தான் கேள்வியில்லாமல் பின்பற்றுகின்றன. நம் முறையில் இயற்கணிதத்தை ஓராண்டு மறந்திருக்கும் ஆபத்து இல்லை. பத்தாம் வகுப்பு வரையில் எந்தக் குழந்தைக்கும் எந்தக் கதவும் அடைபடுவதுமில்லை. இருந்தாலும், ஒரு முழு ஆண்டை நிரூபணத்துக்கென்றே ஒதுக்கும் பெருந்தன்மை நம்மிடம் கிடையாது. பொதுப் பரீட்சைக்கு வரக்கூடிய தேற்றங்களை மட்டும் உருப்போட்டுக் கடந்துவிடுகிற நாம், அமெரிக்க ஜியாமெட்ரியைப் பார்த்துச் சிரிக்கும் தகுதி பெற்றவர்கள் அல்ல.

கால்குலஸுக்கு இப்படி முண்டியடித்து ஓடுவது கணிதத்துக்கே நல்லதா என்று ஐயுறுகிறவர்கள் கணிதப் பேராசிரியர்களேதாம். பள்ளியில் அவசரமாகக் கால்குலஸைத் தொட்டுவிட்டு வரும் மாணவர்கள் பலர், கலாசாலையில் அதே பாடத்தை முதலிலிருந்து மறுபடி படிக்கிறார்கள்; சிலர் இயற்கணிதத்தில் உறுதியில்லாமையால் அதற்கும் கீழே இறங்க வேண்டியிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக்குள் கால்குலஸ் வகுப்பை எட்டிவிடுவது பள்ளிக் கணிதத்தின் இறுதி லட்சியமாக இருக்கலாகாது, அதற்கு வேண்டிய அடித்தளமே லட்சியம் என்று அமெரிக்கக் கணிதச் சங்கமும் கணித ஆசிரியர்களின் தேசிய மன்றமும் 2012-இல் கூட்டாக அறிக்கை விட்டன. ஆனால் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அதிகாரிகளின் கண் அந்த ஒரு சொல்லின் மேலேயே இருக்கும் வரையில், இத்தகைய அறிக்கைகளைப் பெற்றோர் யாரும் பொருட்படுத்தப் போவதில்லை. கலாசாலைகள் உண்டாக்கிய ஏணியை மாற்றியமைக்கும் சக்தியும் கலாசாலைகளிடமே இருக்கிறது.

அது நடக்கும் வரையில், அந்தத் தேசத்தில் பிள்ளை வளர்க்கும் நம்மவருக்கு ஒரு வார்த்தை. ஐந்தாம் வகுப்பு முடியும்போதே பள்ளிக்கூடத்தில் சென்று, கணித விரைவு வகுப்புக்கு எந்த ஆண்டில், எந்தப் பரீட்சையைக் கொண்டு பொறுக்குகிறார்கள், ஒருமுறை தவறினவனுக்கு மறு வாய்ப்பு உண்டா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டெக்ஸஸில் 2023-இல் இயற்றிய சட்டப்படி, ஐந்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் முதல் நாற்பது சதவீதத்துக்குள் வரும் பிள்ளைகளைப் பெற்றோர் கேட்காமலே உயர் வகுப்பில் சேர்த்தாக வேண்டும். மற்ற மாகாணங்கள் பலவற்றில் கேட்டால்தான் கிடைக்கும். கேட்டு அறிந்ததை, ஆங்கிலம் சரளமாக வராத பக்கத்து வீட்டு மெக்ஸிகோக் குடும்பத்துக்கும் சொல்லுங்கள்.